சீனத்து மென்பயிற்சியும் நோயுற்ற இதயமும்

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா என்றொரு நகரம் இருக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தில் மாவாங்துய் என்னும் மண்மேடு. 1972-ஆம் ஆண்டில் அதை அகழ்ந்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த நான்கு சவப்பெட்டிகளுக்குள், பல சுற்றுப் பட்டுத் துணியால் பொதியப்பட்ட ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. அடக்கம் செய்து 2,100 ஆண்டுகள் ஆகியும் தோல் மென்மையாகவே இருந்தது. கை கால் மூட்டுகளை மடக்கவும் முடிந்தது. சாங்ஷா சிற்றரசின் முதலமைச்சராக இருந்த லீ சாங் என்பவரின் மனைவி அவர். பெயர் சின் ஜூய். இறக்கும்போது வயது ஐம்பதை ஒட்டியிருக்கும்.

அவ்வளவு நன்றாக உடல் கெடாமல் இருந்ததால், நேற்று இறந்தவரைச் சோதிப்பதுபோலவே மருத்துவர்கள் அதை அறுத்துச் சோதித்தனர். இரைப்பையிலும் குடலிலுமாக 138 முலாம்பழ விதைகள் இருந்தன. பித்தப்பை வழியில் கற்கள் இருந்தன. இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளோ கொழுப்புப் படிந்து, தடித்து, அடைபட்டுக் கிடந்தன. பழம் உண்ட சில மணி நேரத்தில் பித்தக்கல் வலி கிளம்பி, அதன் அதிர்ச்சியில் மாரடைப்பு ஏற்பட்டு அவர் இறந்திருக்கவேண்டும் என்பது மருத்துவர்களின் முடிவு. மாரடைப்பு என்பது மோட்டார் வண்டியும் சிகரெட்டும் கொண்டுவந்த நோய் என்று நினைப்பவர்கள் இந்த அம்மையாரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மறு ஆண்டு, பக்கத்தில் இருந்த மற்றொரு கல்லறையைத் திறந்தார்கள். அது அவருடைய மகனுடையது எனக் கருதப்படுகிறது. கி.மு. 168-இல், முப்பது வயதளவில் இறந்தவர். அவரோடு புதைத்த அரக்குப் பெட்டி ஒன்றில் பட்டில் எழுதிய நூல்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று எழுத்து நூல் அன்று, வண்ணப் படம். நான்கு வரிசைகள், வரிசைக்குப் பதினொன்றாக 44 மனித உருவங்கள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கிழவரும் உண்டு, இளைஞரும் உண்டு. ஒருவர் கைகளை மேலே தூக்குகிறார். ஒருவர் இடுப்பை வளைக்கிறார். ஒருவர் கோலை ஊன்றிக் குனிகிறார். உருவங்களின் அருகே சிறு குறிப்புகள்: இது கரடியின் நடை, இது முழங்கால் வலிக்கு, இது காது கேளாமைக்கு என்று. உடற்பயிற்சியைக் காட்டும் படங்களில் இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தொகுப்பு இதுதான். இப்பயிற்சிக்குச் சீனர்கள் இட்ட பெயர் 'தாவோயின்'. உயிர்மூச்சை வழிநடத்துவது, உடலை இழுத்து நீட்டுவது என்று பொருள்.

தாயின் நெஞ்சில் இதய நோய். மகனின் பெட்டியில் பயிற்சிப் படம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவுடன், 'பண்டைச் சீனர்கள் இதய நோய்க்குப் பயிற்சியைக் கண்டுபிடித்திருந்தார்கள்' என்று சொல்லிவிட நாக்குத் துடிக்கும். ஆனால் வரலாறு அப்படி இல்லை. அழியாமல் எஞ்சியுள்ள குறிப்புகளில் மாரடைப்பைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பழைய சீன மருத்துவத்தில் இதயம் என்பது உறுப்புகளின் அரசன், மனமும் அறிவும் குடியிருக்கும் இடம். அதற்கு இரத்தம் ஊட்டும் தமனி அடைபடும், அடைபட்டால் தசை மடியும் என்பதை அன்று உலகில் எவரும் அறிந்திருக்கவில்லை. ஆகவே இந்தப் பயிற்சிகள் இதய நோயாளிக்கென்று பிறந்தவை அல்ல. அவரிடம் வந்து சேர இவற்றுக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆயிற்று. வந்து சேர்ந்த வழிதான் நாம் இங்கே பார்க்கப்போவது.

கதவின் குடுமி

கி.பி. 208-இல் இறந்த ஹுவா தோ சீன மருத்துவத்தின் புகழ்பெற்ற பெயர்களில் ஒன்று. சாவ் சாவ் என்னும் ஆட்சியாளனின் தலைவலிக்கு மருத்துவம் பார்த்து, பின்னர் அவனுடைய கோபத்துக்கு ஆளாகி, அவன் ஆணையாலேயே கொல்லப்பட்டவர். புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கொண்டு அவர் ஒரு பயிற்சி வகுத்ததாக அவர் வரலாறு கூறுகிறது. தம் மாணவர் வூ பூவுக்கு அவர் சொன்ன விளக்கம் மிக எளியது. உடல் உழைக்கவேண்டும், ஆனால் எல்லை மீறி உழைக்கக்கூடாது. அசைந்தால் உணவு செரிக்கும், இரத்தம் ஓடும், நோய் அண்டாது. திறந்து மூடும் கதவின் அச்சு உளுத்துப்போவதில்லை அல்லவா, அதுபோல என்றார். நம் பழைய வீட்டுக் கதவுகளில் குடுமி என்று சொல்வோமே, அதைத்தான் அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். மாணவர் தொண்ணூறு வயதைத் தாண்டி, பல் விழாமல், காது மங்காமல் வாழ்ந்தார் என்றும் அதே வரலாறு சொல்கிறது. ஆசிரியரின் பெருமைக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். நமக்கு வேண்டியது அந்த 'எல்லை மீறாமல்' என்ற சொல்தான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோங் வமிசக் காலத்தில், ஹோங் மாய் என்னும் எழுத்தாளரின் தொகுப்பில் 'பாதுவான்ஜின்' என்ற பயிற்சியின் பெயர் வருகிறது. எட்டுத் துண்டுச் சரிகைப் பட்டு என்று அதற்குப் பொருள். எட்டே அசைவுகள். அதனால் கற்பது எளிது, கிழவர்களும் செய்யலாம். முதல் அசைவில் இரு கைகளையும் கோத்து, உள்ளங்கை வானத்தை நோக்க மெல்ல மேலே தூக்குவார்கள். இரண்டாவதில் வில்லை வளைத்துப் பருந்தை எய்வதுபோல் ஒரு கையை நீட்டி மறு கையை இழுப்பார்கள். ஒவ்வொன்றையும் மூச்சின் போக்குக்கு ஏற்ப, அவசரமின்றிச் செய்யவேண்டும். கடைசி அசைவு எல்லாவற்றையும்விட எளிது: குதிகாலை உயர்த்தி, பிறகு இறக்கி நிலத்தில் தட்டுவது, ஏழு முறை.

இன்று உலகமெங்கும் பேர்பெற்ற தாய்ச்சி இவற்றுக்கெல்லாம் இளையது. அது மருத்துவரின் வீட்டில் பிறக்கவில்லை. சண்டைக் கலையாகப் பிறந்தது. ஹெனான் மாகாணத்துச் சென் என்னும் குடியினரின் ஊரில், பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங் என்ற போர்வீரர் வரை அதன் மரபைப் பின்னோக்கிச் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாங் லூச்சான் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுவந்து கற்பித்தார். அவருடைய வழியினர் துள்ளலையும் உதையையும் குறைத்து, அசைவுகளை ஒரே சீராக ஓடும் நீர்போல் ஆக்கினார்கள். போர்க்கலை முதியவரின் பூங்காப் பயிற்சியாக மாறியது இப்படித்தான்.

பிறகு அரசாங்கம் வந்தது. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறையினர், பல வாரம் கற்கவேண்டிய நீண்ட தாய்ச்சி வரிசையைச் சுருக்கி, 24 அசைவுகளாக வகுத்து வெளியிட்டார்கள். ஐந்து ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆலைத் தொழிலாளியும் பள்ளிப் பிள்ளையும் செய்யலாம். அதே காலத்தில் ஹெபெய் மாகாணத்தில் லியூ குய்ஜென் என்பவர், மூச்சுப் பயிற்சிகளுக்குச் 'சிகோங்' என்ற பெயரை நிலைபெறச் செய்து, உடல்நல விடுதிகளில் நோயாளிகளுக்குக் கற்பித்துவந்தார். கலாசாரப் புரட்சியின்போது அது மூடநம்பிக்கை என்று ஒடுக்கப்பட்டது. 1980-களிலோ நேர்மாறான கதை. சிகோங் நாடெங்கும் ஒரு காய்ச்சலாகப் பரவிற்று. தொலைவிலிருந்தே கையை நீட்டி 'ச்சி' என்னும் உயிர்மூச்சைச் செலுத்தி நோயைப் போக்குவோம் என்று கிளம்பியவர்கள் ஏராளம். அறிவியல் சோதனையில் அந்த வித்தைகள் நிற்கவில்லை. அவர்களை நம்பி மருந்தை நிறுத்திய நோயாளிகளுக்கு அது விளையாட்டாகவும் இருக்கவில்லை. பின்னர் 2003-இல் சீன விளையாட்டுத் துறையே பாதுவான்ஜின், ஐவகை விலங்குப் பயிற்சி முதலிய நான்கு பழைய பயிற்சிகளை ஒழுங்குபடுத்தி, ஒரே முறையாக வெளியிட்டது. ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய வசதி. எல்லாரும் ஒரே மாதிரிச் செய்தால்தானே பலனை அளந்து பார்க்க முடியும்?

அசையாதே என்ற மருத்துவம்

இதற்கிடையே மேல்நாட்டு மருத்துவம் இதய நோயாளியை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும்.

நடந்தால் வந்து, நின்றால் மறையும் நெஞ்சுவலியை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். அவருடைய கட்டுரை 1772-இல் அச்சாயிற்று. அவர் இறந்த மறு ஆண்டில், 1802-இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு நோயாளியைப் பற்றிய செய்தி உண்டு. அந்த மனிதர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதைத் தமக்கு ஒரு வேலையாக வைத்துக்கொண்டாராம். வலி ஏறக்குறைய நீங்கிவிட்டதாம். வைரம் போன்ற குறிப்பு. ஆனால் அதை எடுத்து வளர்க்க நெடுங்காலம் ஆளில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பு வந்தவருக்கு விதித்த மருத்துவம் படுக்கை. ஆறு வாரம், சில இடங்களில் அதற்கும் மேல். தாமே திரும்பிப் படுக்கக் கூடாது, கரண்டி பிடித்து உண்ணக் கூடாது, தாதிதான் ஊட்டவேண்டும். இதற்கு ஒரு காரணமும் இருந்தது. மடிந்த இதயத் தசை கெட்டியான தழும்பாக மாற ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகிறது. அதற்குள் அசைந்தால் இதயச் சுவர் கிழிந்துவிடும் என்று பயந்தார்கள். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் படுத்தே கிடந்த கால்களில் இரத்தம் உறைந்தது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தது. மாரடைப்பில் பிழைத்தவர்கள் கட்டிலில் இறந்தார்கள்.

1952-இல் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்டு லோன் என்னும் இரு மருத்துவர்கள், மாரடைப்பு நோயாளிகளைச் சில நாளிலேயே எழுப்பிச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்ததன் முடிவுகளை வெளியிட்டார்கள். நாற்காலியில் உட்காரவைத்ததற்கு ஒரு புரட்சியா என்று நீங்கள் கேட்கலாம். அன்று அது புரட்சிதான். சக மருத்துவர்களே கொலைபாதகம் என்பதுபோல் எதிர்த்தார்கள். மறு ஆண்டு இலண்டனில் ஜெர்ரி மாரிஸ் ஒரு கணக்கை வெளியிட்டார். மாடிப் பேருந்தின் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ நாளொன்றுக்கு ஐந்நூறு படிக்கு மேல் ஏறி இறங்குகிறார். ஒரே கழகம், ஒரே வண்டி. ஆயினும் ஓட்டுநர்களிடையே மாரடைப்பு மிகுதி, நடத்துநர்களிடம் குறைவு. 1955-இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான பால் டட்லி வொயிட், நோயாளி மீண்டும் நடக்கவும் வேலைக்குத் திரும்பவும் வேண்டும் என்பதை உலகறியச் சொன்னார். ஐசனோவர் மறு ஆண்டே தேர்தலில் நின்று வென்றார். அந்த வொயிட் 1971-இல் சீனாவுக்கும் சென்றுவந்தார் என்பது ஒரு சுவையான செய்தி. அப்போது சின் ஜூய் இன்னும் மண்மேட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்.

ஓய்வு எவ்வளவு கொடியது என்பதை 1966-இல் டல்லாஸ் நகரில் அளந்தே காட்டினார்கள். இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு அவர்களுக்குக் கால்பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து அளந்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு செய்த கேட்டைவிட மூன்று வாரப் படுக்கை செய்த கேடு அதிகம் என்று தெரிந்தது!

இருவழியும் கூடும் இடம்

ஆக, மாரடைப்புக்குப் பின் பயிற்சி வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். பல நாடுகளில் மருத்துவமனைகள் நடைப்பொறியும் மிதிவண்டிப் பொறியும் வைத்துப் பயிற்சி தருகின்றன. நோயாளிகளில் பெரும்பாலோர் வருவதில்லை. தூரம், செலவு, நேரம் ஒருபுறம். மறுபுறம் அச்சம். நெஞ்சு பிசையும் வலியை ஒருமுறை அனுபவித்தவருக்கு, இதயம் சற்று வேகமாக அடித்தாலே மரணபயம் வந்துவிடுகிறது. நம் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். மாரடைப்பு வந்தவர் என்றால் தண்ணீர்க் குடத்தைத் தொடவிடமாட்டார்கள், மாடிப்படி ஏறவிடமாட்டார்கள். அன்புதான், ஆனால் டல்லாஸ் கட்டிலின் வேலையை அந்த அன்பு செய்துவிடுகிறது.

சீனப் பயிற்சி நுழைந்தது இந்த இடத்தில்தான். 1996-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மருத்துவர்கள், மாரடைப்பிலிருந்து மீண்ட 126 பேரை மூன்று குழுவாகப் பிரித்து எட்டு வாரம் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தாய்ச்சி. ஒரு குழுவுக்கு வழக்கமான வேகப் பயிற்சி. மூன்றாவது குழு கூடிப் பேசுவதோடு சரி. பயிற்சி செய்த இரு குழுவினருக்கும் இதயம் சுருங்கும்போதுள்ள இரத்த அழுத்தம் குறைந்தது. இதயம் விரியும்போதுள்ள அழுத்தம் தாய்ச்சிக் குழுவுக்கு மட்டுமே குறைந்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு எண். தாய்ச்சிக் குழுவில் நூற்றுக்கு 82 பேர் கடைசிவரை வந்தார்கள். வேகப் பயிற்சியில் 73. பேச்சுக் குழுவில் வெறும் 8!

2011-இல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் கடினமான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். மாரடைப்பு மட்டுமன்று, இதயமே தளர்ந்து போதிய இரத்தத்தை இறைக்க முடியாத நிலையில் உள்ள 100 பேர். பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் தாய்ச்சி, மீதிப் பேருக்கு உடல்நல வகுப்பு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எவ்வளவு ஆக்சிஜன் பயன்படுத்துகிறார்கள் என்ற இரண்டிலும் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் தாய்ச்சி செய்தவர்களின் மனநிலை மேம்பட்டது. அன்றாட வாழ்வு எளிதாயிற்று. தம்மால் பயிற்சி செய்யமுடியும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. பயிற்சியைப் புகழ்வோர் இந்த முடிவின் முதல் பாதியைச் சொல்வதில்லை. இகழ்வோர் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை: இதயத்தின் வலுவை இது பெரிதாகக் கூட்டிவிடவில்லை, ஆனால் அச்சத்தைக் குறைத்தது.

இதை மேலும் தெளிவாக்கியது 2017-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரிலிருந்து வெளிவந்த சிறு ஆய்வு. மருத்துவமனைப் பயிற்சிக்கு வரமாட்டோம் என்று மறுத்துவிட்ட 29 நோயாளிகளையே அவர்கள் தேடி எடுத்தார்கள். தாய்ச்சிக்கு வாருங்கள் என்றதும் அவர்கள் வந்தார்கள். ஆறு மாத வகுப்பில் சேர்ந்தவர்கள் அன்றாட வாழ்விலும் முன்னைவிட அதிகமாக நடமாடத் தொடங்கினார்கள். பயிற்சியால் கடுமையான தீங்கு எவருக்கும் நேரவில்லை. 29 என்பது மிகச் சிறிய எண் என்பதையும் மறக்கக்கூடாது.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை வலுவான சான்று 2024-இல் பெய்ஜிங்கிலிருந்து வந்தது. அழுத்தம் இயல்புக்குச் சற்று மேலே ஏறத் தொடங்கியிருந்த 342 பேர், ஓராண்டுக் காலம். வேகப் பயிற்சிக் குழுவுக்குச் சராசரியாக 4.61 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்தது. தாய்ச்சிக் குழுவுக்கு 7.01. வேறுபாடு இரண்டரைக்கும் குறைவுதான். இருந்தாலும், ஓடிக் களைத்தவரைவிட மெல்ல அசைந்தவருக்கு அழுத்தம் சற்று அதிகமாகக் குறைந்தது என்பது யோசிக்கவைக்கிறது.

எப்படி இது நிகழ்கிறது? 'ச்சி'யைத் தேடிப் போகவேண்டியதில்லை. இப்பயிற்சியின் உழைப்பு, சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு. அதாவது மிதமான நடைக்குச் சமம். உழைத்துப் பழகிய கால் தசை, வரும் இரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளக் கற்கிறது. அதனால் அதே வேலைக்கு இதயம் குறைவாக அடித்தால் போதும். இதயத் தசைக்குத் தேவையான இரத்தம் பெரும்பாலும் அது விரியும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு மெதுவானால் விரியும் நேரம் நீள்கிறது. அடைபட்ட தமனி உள்ளவருக்கு அந்த நொடிப் பகுதி பெரிய இலாபம். நிதானமான நீண்ட மூச்சு, இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பின் ஆட்சியை வலுப்படுத்துகிறது. மூச்சை அடக்கி முக்குவது இதில் இல்லை. பளு தூக்கும்போது அழுத்தம் சட்டென எகிறுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அந்த முக்கல்தான். ஹுவா தோ எல்லை மீறாதே என்றது இந்தக் கணக்கையெல்லாம் தெரிந்தன்று. ஆயினும் சொன்னது சரி.

படித்தவுடன் முற்றத்தில் இறங்கிக் கைகளைத் தூக்கத் தோன்றுகிறவர்களுக்குச் சில சொல். மாரடைப்பு வந்து சில நாளே ஆனவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள், கால் வீங்கி மூச்சுத் திணறுபவர்கள் எந்தப் பயிற்சியையும் மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மருந்தை நிறுத்துவதற்கு இது மாற்று அன்று. மேலே சொன்ன சோதனைகளில் இதய நோயாளிகள் மருத்துவ மேற்பார்வையில் இருந்தபடியேதான் பயிற்சி செய்தார்கள். பாதுவான்ஜினில் குனிந்து பாதத்தைப் பிடிக்கும் அசைவு ஒன்று உண்டு. தலை கீழே போய்ச் சட்டென நிமிர்ந்தால் இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்குத் தலை சுற்றும். பாதி குனிந்தால் போதும். முழங்காலை மடக்கி நிற்கும் குதிரை நிலையையும் உயரமாகவே வைத்துக்கொள்ளலாம். அளவு தெரிய எளிய சோதனை ஒன்று: பயிற்சியின்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவேண்டும். முடியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுங்கள்.